புதியவர்களோடு ஓடினால் என் வேகம் கெடுமா?

கேள்வி: எனக்கு வயது 43. வேலணையில் இருக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு மேலாக ஓடுகிறேன், சைக்கிளும் ஓடுவேன். கொழும்பில் முழு மரதன் ஓடி முடித்திருக்கிறேன். நீச்சல் மட்டும் தெரியாது. ஒரு வருடமாக விடியற்காலையில் சப்பாத்தைப் போட்டு வெளிக்கிடவே மனம் வருவதில்லை. எவ்வளவு ஓடினாலும் நேரம் குறைவதாக இல்லை.

இந்த நிலையில் அயலில் மூன்று பேர் "அண்ணை, நாங்களும் வரலாமோ?" என்று கேட்டார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கும் ஒரு தம்பி, கடற்றொழில் குடும்பம். ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் ஒரு தங்கச்சி. சீனி வருத்தத்துக்காக நடக்கச் சொல்லி வைத்தியர் அனுப்பிய, ஓய்வுபெற்ற ஐயா ஒருவர். இரண்டு கிழமை அவர்களோடு போனேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருக்கிறது. இப்படியே போனால் பல வருடமாகச் சேர்த்த வேகம் கெட்டுவிடாதா? அதேநேரம், அவர்களோடு போன நாட்களில் மனம் நன்றாக இருக்கிறது. தனியே ஓடிய நாட்களில் அப்படி இல்லை. இது ஏன்? தொடரலாமா?

பதில்: தம்பி, தொடருங்கள். கிழமையில் இரண்டு நாள் அவர்களுக்குக் கொடுத்தால் உங்கள் வேகம் கெடாது. பலருக்கு அது கூடியும் இருக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

உங்களைப் போல நெடுநாள் ஓடுபவர்களிடம் நான் அடிக்கடி காணும் குறை ஒன்று உண்டு. மெதுவாக ஓட வேண்டிய நாளில் அவர்கள் மெதுவாக ஓடுவதில்லை. அரைவாசி வேகத்துக்கும் முழு வேகத்துக்கும் இடையில், களைப்பும் தந்து பலனும் தராத ஒரு வேகத்தில் ஒவ்வொரு நாளும் ஓடுகிறார்கள். உடம்பு ஆறுவதில்லை. அதனால், முழு மூச்சாக ஓட வேண்டிய நாளிலும் கால் எழும்புவதில்லை. நேரம் குறையாமல் நிற்பதற்கு இது பெரிய காரணம். உலகத்தரத்து ஓட்டக்காரர், படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று நோர்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற விளையாட்டு விஞ்ஞானி நெடுங்காலம் ஆராய்ந்தார். அவர்களின் பயிற்சியில் ஏறத்தாழ 80 வீதம் இலகுவான வேகத்தில்தான் நடக்கிறது என்று அவர் கண்டார். இலகு என்றால் பக்கத்தில் வருபவரோடு முழு வசனமாகக் கதைத்துக்கொண்டு போகக்கூடிய வேகம். தனியே ஓடும்போது அந்த வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது கடினம், கைமணிக்கூடு விடாது. அந்தத் தங்கச்சியோடு கதைத்துக்கொண்டு ஓடினால் அது தானாக வந்துவிடும்.

இனி, மனம் நன்றாக இருப்பது ஏன் என்ற கேள்வி. ஓடத் தொடங்கிய ஒருவரின் உடம்பு மிகக் கெதியாக மாறும். முதல் இரண்டு கிழமைக்குள்ளேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் கூடுதலான இரத்தத்தை அனுப்புகிறது. ஒன்றிரண்டு மாதத்தில் ஓய்வு நேர இதயத்துடிப்பு இறங்குகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகத் தொடங்குகின்றன. போன கிழமை ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு ஓடி மூச்சு வாங்கியவர் இந்தக் கிழமை மூன்று கம்பம் ஓடுகிறார். பதினைந்து வருடம் ஓடிய உங்கள் உடம்பிலும் இதெல்லாம் ஒருகாலத்தில் நடந்ததுதான். இப்போது உங்கள் முன்னேற்றம் ஒரு வருடத்துக்குச் சில செக்கன்கள். முயற்சிக்குப் பலன் உண்டு என்பதை மூளையால் அறிந்திருக்கிறீர்கள். கண்ணால் கண்டு கனகாலம். அந்த மூன்று பேரும் அதைக் கிழமைக்குக் கிழமை உங்கள் கண்முன்னே நடத்திக் காட்டுகிறார்கள். உங்களுக்கு வந்த சந்தோஷம் இரக்கத்தால் வந்ததல்ல. அவர்களிடமிருந்து நீங்கள் ஒன்றைப் பெறுகிறீர்கள். அப்படி நினைத்தே அவர்களோடு போங்கள். உதவி செய்யப் போகிறேன் என்ற நினைப்போடு போனால் இரண்டு மாதத்தில் சலித்துவிடும்.

அவர்கள் உங்களிடமிருந்து பெறுவதும் சிறிதல்ல. 1898இல் நோர்மன் ட்ரிப்லெற் என்பவர் சைக்கிள் ஓட்டப் பதிவுகளை ஆராய்ந்து, தனியே ஓடுபவரை விடக் கூட்டாக ஓடுபவர் கெதியாக ஓடுகிறார் என்று எழுதினார். 1920களில் ஒட்டோ கோலர் என்ற ஜேர்மன் உளவியலாளர் பேர்லினில் படகோட்டும் கழகத்தினரை வைத்துச் சோதனை செய்தார். பலம் குறைந்தவர் தனியே இருப்பதிலும் பார்க்க, தன்னை விடக் கொஞ்சம் பலமானவரோடு சேரும்போது கூட நேரம் தாக்குப்பிடித்தார். இதில் 'கொஞ்சம்' என்பதைக் கவனியுங்கள். இடைவெளி மிகப் பெரிதானால் அந்தப் பலன் போய்விடுகிறது. நீங்கள் நூறு மீற்றர் முன்னே போய் நின்று "கெதியா வாங்கோ" என்று கூப்பிட்டால் அவர்களுக்கு மனம் விட்டுப்போகும். அரை அடி முன்னே, மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில் போனால் அவர்களே தங்களைத் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

கடைசியில் வருபவரால் மற்றவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய இலங்கை வீரர் ரணதுங்க கருணானந்த. அமெரிக்கரான பில்லி மில்ஸ் வென்று, மற்றவர்களும் ஓடி முடித்த பிறகு, 67ஆம் இலக்கத்தோடு அவர் தனியே மிச்சச் சுற்றுக்களை ஓடினார். முதலில் சிரித்த கூட்டம் கடைசிச் சுற்றில் எழுந்து நின்று கைதட்டியது. அவருடைய கதை யப்பானியப் பாடப்புத்தகத்தில் இடம்பெற்றது. தங்கப்பதக்கம் பெற்ற எத்தனையோ பேரைப் பிள்ளைகள் மறந்தார்கள்; அவரை மறக்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கத்தையும் பாருங்கள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு ஒன்றரை இரண்டு மாதம் கிழக்குக் கரையோரமாகப் பாதயாத்திரை போகிறார்கள். பல வருடம் நடந்தவரும் முதல்முறை நடப்பவரும் ஒரே கூட்டத்தில், ஒரே வெயிலில் நடக்கிறார்கள். வெளிநாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. இலண்டனில் 2004 ஒக்ரோபரில் போல் சின்ரன்-ஹூவிற் என்ற ஓட்டக்காரர், காயப்பட்டுப் பயிற்சி தடைப்பட்டிருந்த காலத்தில், 13 பேரைச் சேர்த்து ஒரு பூங்காவில் சனிக்கிழமை ஓட்டம் தொடங்கினார். பார்க்ரன் என்ற பெயரில் அது இன்று பல நாடுகளில் நடக்கிறது. அங்கே எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருக்கிறார். அதனால் புதிதாக வந்தவர் எவரும் கடைசி ஆள் ஆவதில்லை. உங்கள் கூட்டத்திலும் அந்த இடத்தை முறை வைத்து எடுங்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். தீவுப் பகுதி வீதிகள் நீளமானவை, சமதரையானவை, நிழல் குறைந்தவை. இதற்குப் பொருத்தமான முறை நேரம் பார்த்துத் திரும்புவது. நால்வரும் ஒரே இடத்தில் தொடங்குங்கள். அவரவர் வேகத்தில் 15 நிமிடம் போங்கள். 15 ஆனதும், எங்கே நின்றாலும் எல்லோரும் திரும்புங்கள். நீங்கள் மூன்று கிலோமீற்றர் போயிருப்பீர்கள், ஐயா ஒரு கிலோமீற்றர் நடந்திருப்பார். ஆனால் தொடங்கிய இடத்துக்கு ஏறத்தாழ ஒன்றாகவே வந்து சேர்வீர்கள். யாரும் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டியதில்லை. கிழமையில் ஒரு நாள் இப்படி, மற்ற நாள் முழுவதும் அவர்களுடைய வேகத்தில். விடிய ஐந்தரைக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முன் முடியுங்கள். இருட்டில் குறிகட்டுவான் பஸ் வரும் வீதி என்பதால் வெள்ளை உடுப்பும் ஒரு சின்ன ரோர்ச்சும் கட்டாயம். கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். குடிக்கிற தண்ணீரைப் போத்தலில் கொண்டு போங்கள்.

காற்றை மறக்கவேண்டாம். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் வேலணையிலிருந்து பண்ணைத் தாம்போதிப் பக்கம் சைக்கிளில் போனால் காற்று முதுகில் தள்ளும். புதியவர் தனக்குப் பலம் வந்துவிட்டது என்று நினைத்து யாழ்ப்பாணக் கோட்டைவரை போய்விடுவார். திரும்பி வரும்போது கடலுக்கு நடுவே எதிர்காற்றில் கால் முறியும். அன்றோடு சைக்கிளைச் சுவரில் சாத்திவிடுவார். ஆகவே சோளகத்தில் முதலில் வாணர் தாம்போதியால் புங்குடுதீவுப் பக்கம் போய், காற்றோடு வீடு திரும்புங்கள். வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கியதும் இதை மாற்றி, முதலில் பண்ணைப் பக்கம் போங்கள். எதிர்காற்றில் நீங்கள் முன்னால் போங்கள். பின்னால் ஒட்டி வருபவருக்கு உழைப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறையும். உங்களுக்கு அன்று கடும் பயிற்சி, அவர்களுக்கு இலகுவான பயணம்; ஒரே வேகம் இருவருக்கும் பொருந்துகிற அருமையான நாள் அது. ஆனால் புதியவர்கள் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டு வரட்டும். முன்சில்லு பின்சில்லில் பட்டால் விழுவது பின்னால் வருபவர்தான்.

மூன்று பேருக்கும் மூன்று விதக் கவனிப்பு வேண்டும். தம்பியை அடக்கி வையுங்கள். இளம் இதயமும் நுரையீரலும் சில கிழமையில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுபவர்களுக்குத்தான் ஒரு மாதத்தில் முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பு நோவெடுக்கும். தங்கச்சிக்கு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்குங்கள். இரவுக் கடமை முடித்து வந்த நாளில் ஓட வரச் சொல்லாதீர்கள். அவர் இன்னொரு பெண்ணையும் கூட்டிவரட்டும். இருவரானால் அந்தப் பழக்கம் ஊரில் நின்று நிலைக்கும். ஐயா நடக்கட்டும். இன்சுலினோ சில வகைக் குளிசைகளோ எடுப்பவருக்கு உடற்பயிற்சியின்போது இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கலாம். தன் மருந்தோடு எவ்வளவு நடக்கலாம் என்று அவர் வைத்தியரிடம் கேட்டு வரட்டும். குளுக்கோஸ் அல்லது சீனித் தண்ணீர், இல்லையென்றால் ஒரு துண்டு பனங்கட்டியாவது அவருடைய பையில் இருக்க வேண்டும். செருப்போடு நடக்க விடாதீர்கள். வீட்டுக்குப் போனதும் பாதத்தில் கொப்புளம், காயம் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். யாருக்கும் நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றோ வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

உங்களுக்கும் ஒரு எல்லை வேண்டும். கிழமையில் ஒரு நாள் முழு மூச்சான ஓட்டம், ஒரு நாள் நீண்ட ஓட்டம் இரண்டையும் தனியாகவே வைத்திருங்கள். அந்த நாட்களில் அவர்களை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர்களுக்குக் காயம், உங்களுக்கு எரிச்சல் என்றே முடியும். இதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிட்டால் ஒருவருக்கும் மனத்தாங்கல் வராது. மூன்று மாதத்துக்கு ஒரு பொது இலக்கும் வையுங்கள்: நால்வரும் குறிகட்டுவான் இறங்குதுறைவரை போய், படகேறி நயினாதீவு அம்மனைக் கும்பிட்டு வருவது. யார் ஓடுவது, யார் சைக்கிள், யார் எந்த இடத்தில் சேர்ந்து நடப்பது என்பதை உங்களுக்குள் தீர்மானியுங்கள்.

இன்னும் ஒன்று, எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. உங்களுக்கு நீச்சல் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். கூட வருவதோ கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை. அந்தத் தம்பியிடம் நீச்சல் பழகுங்கள். தொண்டைமானாற்றில் பிறந்த நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். அயலூரான வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினார். அப்படிப்பட்ட கடலோரத்தில் இருக்கிறோம். கடல் அமைதியான நாளில், சாட்டிக் கரையில், கால் நிலத்தில் படும் ஆழத்தில், கரையில் இன்னொருவர் நிற்க, மூச்சு விடுவதிலிருந்து தொடங்குங்கள். அங்கே மூச்சு வாங்கப்போவது நீங்கள். பத்து மீற்றர் போய் நிற்கப்போவதும் நீங்கள். ஐயாவும் தங்கச்சியும் வீதியில் எவ்வளவு தைரியத்தோடு உங்கள் பக்கத்தில் வருகிறார்கள் என்பது அப்போது விளங்கும். அடுத்த கிழமை பன்னிரண்டு மீற்றர் போவீர்கள். நீங்கள் தேடுகிற உற்சாகம் அந்த இரண்டு மீற்றரில் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே தம்பியிடம் கேளுங்கள்.