கன்றுக்குட்டிக்குக் கடற்பாசி கொடுக்கலாமா?



போன மாதம் பிரட்டுக்களத்தில் ஒரு அண்ணன் எங்களிடம் கேட்டார்: "ஐயா, கடற்பாசி மாவு போட்டா கன்னுக்குட்டி கொழுகொழுன்னு வளருமாமே, வாங்கவா?" மாடு வளர்க்கும் எல்லாருக்கும் உதவும் கேள்வி. அதையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

கடற்பாசி என்றால் என்ன?

கடல் நீரில் வளரும் செடி போன்ற ஒன்று. யாழ்ப்பாணம், கிளிநொச்சி கரையோரங்களில் சிவப்பு இனம் ஒன்றைக் கயிற்றில் கட்டி வளர்க்கிறார்கள். நோர்வே, ஸ்கொட்லாந்து கரையோர மக்கள் தீனி குறைந்த குளிர்காலத்தில் பழுப்பு நிறப் பாசியை ஆடுமாடுகளுக்குப் பலகாலமாகக் கொடுத்து வந்தார்கள். மாட்டுத் தீவனத்துக்கு விற்கும் மாவு பெரும்பாலும் இந்தப் பழுப்புப் பாசியில் செய்தது.

அதில் என்ன இருக்கிறது?

தாதுப்புகள், முக்கியமாக அயடின். மழை அதிகமுள்ள இடங்களில் மண்ணிலுள்ள அயடின் கரைந்து ஓடிவிடும். அது குறைந்தால் நமக்குக் கழுத்தில் கழலை வரும். அதனால்தான் 1995இல் நம் நாட்டில் உப்பில் அயடின் சேர்ப்பது சட்டமானது. மாட்டுக்கும் இதே கதைதான். சினைமாட்டுக்கு அயடின் போதாவிட்டால் கன்று பலமில்லாமல், கழுத்து வீங்கி, முடியில்லாமல் பிறக்கலாம், செத்தும் பிறக்கலாம். ஆகவே சினைமாடு நக்கத் தாதுப்புக் கட்டி ஒன்றைப் பட்டியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

பாலுக்குப் பதில் பாசி இல்லை

பாலையெல்லாம் கறந்து அனுப்பிவிட்டு, மடியில் மிஞ்சியதைக் கன்றுக்கு விடும் வீடுகள் உண்டு. குறை சொல்ல வரவில்லை. அந்தப் பால் காசுதான் பிள்ளையின் கொப்பியும் சப்பாத்தும். ஆனால் வயிறு காய்ந்த கன்றுக்கு எந்த மாவு போட்டும் பிரயோசனமில்லை. அது வயிற்றோட்டத்தில் போய்விட்டால் நாளைய கறவைமாடும் போச்சு.

இதைச் செய்யுங்கள்:

1. பிறந்து இரண்டு மணிநேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் வருகிறது. நேரம் போகப் போகக் கன்றின் குடல் அதை ஏற்காது.

2. பிறகு உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கு பால். 30 கிலோ கன்றுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர், இரண்டு நேரமாக.

3. இரண்டாம் வாரத்திலிருந்து சுத்தமான தண்ணீர், கொஞ்சம் கன்றுத் தீவனம், இளம்புல். முற்றிய குவாத்தமாலாப் புல் வேண்டாம்.

4. தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். நம் பனிக்கும் குளிருக்கும் காய்ந்த புல் பரப்புங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு பாசி மாவு வேண்டுமானால், 1 கிலோ கன்றுத் தீவனத்துக்கு 10 கிராமுக்கு மேல் போடாதீர்கள். அயடின் அளவு அச்சடிக்காத பக்கெட்டை வாங்கவே வேண்டாம். தீவனத்தில் ஏற்கனவே தாதுப்பு இருக்கலாம். மிருக வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள். அயடின் கூடினாலும் கெடுதல்: கண்ணும் மூக்கும் ஒழுகும், இருமும், தீனி எடுக்காது.

அந்த அண்ணனுக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: "மாவு வாங்குற காசு இருக்கட்டும். முதல்ல கன்னுக்கு அரை லீற்றர் பால் கூட விடுங்க."

உங்கள் பட்டியில் கன்று நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் குடிக்கிறது? இன்று மாலை கறக்கும்போது அளந்து பாருங்கள்.