மாரடைப்பு வந்தது இதயத்துக்கு. ஏறியது ஈரல் அளவா?

கேள்வி: என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி. 180, எஸ்.ஜி.பி.டி. 46 என்று இருந்தது. அவருக்குக் குடிப்பழக்கமே கிடையாது. கல்லீரலும் கெட்டுவிட்டதா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: பயப்பட வேண்டாம். எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலுக்கு மட்டும் சொந்தமான நொதி அல்ல. இதயத் தசையிலும் நிறைய உண்டு. அடைப்பால் தசை செல்கள் அழியும்போது அது ரத்தத்தில் கசிகிறது. ஓரிரு நாளில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும். 1954-இல் நியூயார்க் மருத்துவர்கள் இதைக் கண்டறிந்த பிறகு, மாரடைப்பை உறுதிசெய்யவே இந்தப் பரிசோதனை பல ஆண்டுகள் பயன்பட்டது. இன்று அந்த இடத்தில் இருப்பது, இதயத்துக்கே உரிய ட்ரோபோனின்.

எஸ்.ஜி.பி.டி. பெருமளவு கல்லீரலில் இருப்பது. உங்கள் அப்பாவுக்கு அது அதிகம் ஏறவில்லை. ஆகவே 180 இதயத்திலிருந்து வந்ததாகவே இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் எகிறினால் கதை வேறு. ரத்த அழுத்தம் படுத்துவிட்டதால் கல்லீரலுக்குப் போதிய ரத்தம் போகவில்லை என்று அர்த்தம். அது ஆபத்தான நிலை.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு, டாக்டர் சொல்லும் நாளில் மறுபடி பரிசோதியுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையால் இந்த அளவுகள் லேசாக ஏறலாம். அதைப் பார்த்து நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.