தொடக்கத் திரைப்படங்களில் நாடக வழக்கு

அகப்பாடலின் இயல்பை உரைக்குமிடத்துத் தொல்காப்பியம் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டனைச் சுட்டுகிறது. சுவைபடப் புனைந்துரைப்பது முன்னது; உலகத்தார் ஒழுகலாற்றோடு ஒத்து வருவது பின்னது. திரைப்பட வரலாறு கூறுவோருள் சிலர், முதற்படங்கள் உலகியலை மட்டுமே பதிவு செய்தன என்றும் நடிப்புப் பின்னரே வந்து சேர்ந்தது என்றும் எழுதிவிடுகின்றனர். மாணவர் பலரும் அவ்வாறே நம்புகின்றனர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த டிக்சன் என்பார் எடுத்த ஒரு படம் 1893 மே 9 அன்று புரூக்ளினில் பொதுமக்களுக்குக் காட்டப்பெற்றது. மூவர் பட்டடையில் இரும்பு அடிக்கின்றனர், இடையே ஒரு புட்டியைக் கைமாற்றிக் குடிக்கின்றனர், மீண்டும் அடிக்கின்றனர். ஏறத்தாழ அரை நிமிடத்தில் முடிந்துவிடும் இக்காட்சியில் உலையும் பட்டடையும் மெய்போலத் தோன்றினும், அம்மூவரும் கொல்லர் அல்லர், எடிசனின் பணியாளர்கள். வேடம் புனைந்து, சொல்லித் தந்தவாறு செய்தனர். இது நடிப்பன்றி வேறென்ன?

பிரான்சில் லூமியேர் உடன்பிறப்பினர் தம் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறும் காட்சியை ஒருமுறை அன்று, மும்முறை எடுத்தனர். உலகியற் படம் எனப் போற்றப்படுவதன் நிலையே இது! 1895 டிசம்பர் 28 அன்று பாரிசில் அவர்கள் காட்டிய படங்களுள் தோட்டக்காரர் பற்றிய நகைச்சுவைப் படமும் ஒன்று. சிறுவன் ஒருவன் நீர்க்குழாயை மிதிக்கிறான். நீர் நின்றது ஏனென்று தோட்டக்காரர் குழாயின் வாயை உற்று நோக்குகிறார். அவன் காலை எடுக்க, நீர் அவர் முகத்தில் பீறிடுகிறது. துரத்திப் பிடித்தவர் பிடித்த இடத்திலேயே அடித்திருக்கலாம். அவ்வாறு செய்யாது, படக்கருவியின் பார்வைக்கு நேரே இழுத்து வந்து அடிக்கிறார். இஃது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. காண்போர் எங்குள்ளனர் என்பதை அவர் அறிந்திருக்கிறார். அவரோ நடிகர் அல்லர்; லூமியேர் குடும்பத்தின் தோட்டக்காரரே என்பர்.

அதே 1895இல் எடிசன் நிறுவனத்தார் எடுத்த அரசி மேரியின் தலை துணிக்கப்படும் படத்தில், அரசியாக நடித்தவர் ராபர்ட் தோமே என்னும் ஆடவர். கோடரி ஓங்கிய அளவில் கருவியை நிறுத்தி, அவருக்கு மாற்றாகப் பொம்மையை வைத்தனர். அதுவரை ஏனையோர் அசையாது நின்றாக வேண்டும். மேடை கற்பிக்காத பயிற்சி இது.

பிரெஞ்சு அரசு நாடக அரங்கின் புகழ்பெற்ற நடிகர்கள், கீஸ் கோமகனின் கொலை பற்றிய படத்தில் தோன்றியது 1908இல்தான். கொல்லர் வேடமிட்ட அம்மூவருக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே அவர்கள் வந்தனர்.