வரி வரியாக ஒரு கடிதம்

கேள்வி: தொலைபேசி வழியே கணினியில் இணைந்து செய்தி எழுதிய பழைய பி.பி.எஸ். அறிவிப்புப் பலகைகளில் கர்சரை மேலே கொண்டுபோய்ப் பிழை திருத்த முடியாதாமே! பிறகு எப்படி எழுதினார்கள்?

பதில்: பல பலகைகளில் முடியாதுதான். 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் முதல் பலகையைத் தொடங்கியபோது, 300 பாட் மோடத்தில் நொடிக்குச் சுமார் 30 எழுத்துதான் வரும். 80 எழுத்து அகலமும் 24 வரியும் கொண்ட திரையை நிரப்பவே ஒரு நிமிடத்துக்கு மேல்! அதனால்தான் வரி எடிட்டர். என்டர் தட்டினால் அந்த வரி கைவிட்டுப் போய்விடும். வெற்று வரியில் மறுபடி என்டர் தட்டினால் கட்டளை கேட்கும்: சேமிக்கவா, வரி எண்களோடு காட்டவா, கைவிடவா? (கட்டளை எழுத்துகள் பலகைக்குப் பலகை மாறும், அதுதான் வம்பு.) ஏழாம் வரியில் பிழையா? எண்ணைச் சொல்லி, பழைய சொல்லையும் புதிய சொல்லையும் தட்ட வேண்டும். அல்லது வரியையே மறுபடி எழுத வேண்டும்.

விவரமானவர்கள் கடிதத்தைத் தங்கள் கணினியிலேயே எழுதிவைத்து, இணைப்பு கிடைத்ததும் மொத்தமாக அனுப்பினார்கள். தொலைபேசிக் கட்டணமும் மிச்சம். ருசி பார்க்க ஆசையா? லினக்ஸில் ‘எட்’ எடிட்டரைத் திறந்து பாருங்கள். அதுவும் இதே வகைதான்.