எபிரேயமும் ஆயாக் கொட்டகையும்

எபிரேயம் என்றதும் நம்மில் பலருக்கு விவிலியம்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் மொழியியல் படித்த காலத்தில் அம்மொழியை மூன்றாண்டுகள் துணைப்பாடமாகப் பயின்றேன். நம் கடப்பிதழைக் கொண்டு இஸ்ரேலுக்குப் போக முடியாது. அம்மொழியைப் படிக்கத் தடையில்லை. "ஜாசின் தோட்டத்துப் பையனுக்கு இது எதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் எனக்கு மூன்றாம் ஆண்டில்தான் கிடைத்தது.

முதலாண்டு முழுக்க எழுத்தோடு போராட்டம். மொத்தம் 22 எழுத்துகள். வலமிருந்து இடமாக எழுதவேண்டும். எல்லாம் அடிப்படையில் மெய்கள். சில மட்டும் உயிரொலிக்கும் துணை நிற்கும். மற்ற உயிரொலிகளைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் இடுவார்கள். நமக்குப் புள்ளி வைத்தால் உயிர் போகும். அவர்களுக்குப் புள்ளி வைத்தால் உயிர் வரும்! அந்தப் புள்ளியும் மறைநூல், கவிதை, சிறுவர் நூல்களில்தான். நாளேட்டில் இராது, சூழலை வைத்து ஊகித்துப் படிக்க வேண்டும். புள்ளியில்லா ஓலைச்சுவடிகளை வாசித்துப் பதிப்பித்த நம் முன்னோர் பட்ட பாடு அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இரண்டாமாண்டில் வேர்ச்சொல். பெரும்பாலும் மூன்று மெய்கள் சேர்ந்தது ஒரு வேர். 'காதவ்' என்றால் எழுதினான், 'மிக்தாவ்' கடிதம், 'க்தோவெத்' முகவரி. தமிழில் பகுதியின் பின்னால் இடைநிலையும் விகுதியும் வரிசையாக வந்து ஒட்டும். அங்கே வேரின் நடுவிலேயே உயிர்கள் மாறும். ஆங்கிலேய மாணவர்கள் திணறினார்கள். எனக்குக் கைகொடுத்தது, நம்பினால் நம்புங்கள், பள்ளியில் படித்த மலாய். அரபு வழியாக மலாய்க்கு வந்த 'கித்தாப்', 'மக்தாப்' இரண்டும் இதே வேரின் உறவுகள். மலாக்காவுக்குள் நுழையும்போது நம்மை வரவேற்கும் 'செலாமாட் டாத்தாங்' பலகையின் முதல் சொல்லும் எபிரேய 'ஷாலோமும்' ஒரே வேரிலிருந்து வந்தவை.

தமிழுக்கும் எபிரேயத்துக்கும் தொடர்பில்லையா என்று கேட்பீர்கள். சாலமோன் மன்னனுக்குக் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களில் 'துக்கிய்யிம்' ஒன்று (அரசர்கள் முதல் நூல் 10:22). அதை மயில் என்றே பலரும் கொள்வர். தமிழ்த் 'தோகை'யே அதன் மூலம் என்ற கருத்தைக் கால்டுவெல் 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துரைத்தார். மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவோர், எல்லா அறிஞரும் இதை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்று. இன்றைய எபிரேயத்திலோ 'துக்கி' என்றால் கிளி!

மூன்றாமாண்டில் மொழி வரலாறு. கி.பி. 200 அளவிலிருந்து எபிரேயம் வீட்டுப் பேச்சாக இல்லை. வழிபாட்டிலும் கல்வியிலும் கவிதையிலும் மட்டும் வாழ்ந்தது. 1881இல் பாலஸ்தீனத்தில் குடியேறிய எலியேசர் பென் யெஹூதா, 1882இல் பிறந்த தம் மகனிடம் எபிரேயம் மட்டுமே பேசுவதென்று முடிவெடுத்தார். அங்கேதான் சிக்கல். இறைவனைப் போற்ற ஆயிரம் சொல் உண்டு. குழந்தையின் பொம்மைக்குச் சொல் இல்லை. துண்டுக்கு இல்லை, மிதிவண்டிக்கு இல்லை. அவர் ஒவ்வொன்றாக ஆக்கினார். மிதிவண்டிக்கு வைத்த 'ஓஃபனாயிம்' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் இரு சக்கரம். நம் 'ஈருருளி' போலவே.

"இறைவனுக்குச் சொல் இருந்து, அடுப்படிக்குச் சொல் இல்லாத சமூகம் உங்களுக்குத் தெரியுமா?" என்று விரிவுரையாளர் கேட்டார். எனக்கு உடனே காஜா பெராங் நினைவுக்கு வந்தது. சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து தங்கிய மலாக்கா செட்டிகளின் குடியிருப்பு அங்கே இருக்கிறது. 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அவர்களுடையது. சாமியும் பொங்கலும் தமிழில் தங்கின. வீட்டுப் பேச்சு மலாயானது. குறை சொல்வதற்கில்லை, பல தலைமுறை கடந்தும் வழிபாட்டைக் கைவிடாத மக்கள் அவர்கள்.

தோட்டத்து நிலை இதற்கு நேர் எதிர். பென் யெஹூதா தேடி அலைந்த அன்றாடச் சொற்கள் எங்கள் லயத்தில் குவிந்து கிடந்தன: பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, நிரை, மங்கு, கோட்டுப்பால். பள்ளிக் கட்டுரையில் இவற்றை எழுதினால் கொச்சை என்று சிவப்புக் கோடு விழும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; மக்கள் டுரியான் துங்கலுக்கும் ஆயர் குரோவுக்கும் குடிபெயர்ந்தார்கள். சொற்களைப் பேசத் தோட்டத்தில் ஆளில்லை.

போன தீபாவளிக்குக் குறிப்பேட்டோடு பாட்டி அருகில் உட்கார்ந்தேன். "இதையெல்லாமாய்யா எழுதுவாங்க?" என்று சிரித்தார். மாலைக்குள் 63 சொற்கள் சேர்ந்தன. படித்துக் காட்டினேன். கோட்டுப்பாலுக்கும் கட்டிப்பாலுக்கும் ஒரே பொருள் எழுதியிருந்தேன். பாட்டி நிறுத்தச் சொன்னார். "மரத்துல வெட்டுக் கோட்டுல ஒட்டிக் காயுறது கோட்டுப்பாலு. மங்குல ஒறஞ்சு கெடக்குறது கட்டிப்பாலு. ரெண்டையும் ஒண்ணா போட்டா கிராணி திட்டுவாரு, அடிச்சிட்டு வேற எழுது."