முன்பாரமும் முட்டுக்கட்டையும்

பங்குனித் திருவிழாவில் மயிலைக் கபாலீசுவரர் தேர் மாடவீதிகளைச் சுற்றி வருவதை நம் அங்கத்தினர் பலர் கண்டிருப்பர். வடம் பிடிப்போர் பலர். தேரைக் காப்போரோ சக்கரத்தருகே முட்டுக்கட்டையுடன் நடக்கும் சிலரே. வடம் இழுக்கும், ஓடும் தேரை நிறுத்தாது. காய்கறிக் கூடைகளையும் ஜவுளிப் பொதிகளையும் டிரெய்லரில் ஏற்றி நகருக்குக் கொணரும் நாம் இதனை மறத்தலாகாது. இழுக்கும் வலிமை மட்டும் போதாது. பூட்டும் நிறுத்தமும் செவ்வையாக இருத்தல் வேண்டும்.

முதலாவது, கொக்கி. டிராக்டரில் இழுப்பதற்கென்றே தாழ்வாக அமைந்த சட்டத்தில்தான் டிரெய்லரைப் பூட்ட வேண்டும். பின்னச்சுக்கு மேலே உயரத்தில் பூட்டினால், முன்சக்கரங்கள் எழும்பி டிராக்டர் பின்புறமாகக் கவிழக்கூடும். இணைப்பாணி, துளைக்கேற்ற பருமனுள்ள எஃகாணியாக இருக்கட்டும், கம்பித்துண்டு உதவாது. ஆணி மேலெழாதபடி கடையாணியும் இடுக.

இரண்டாவது, சங்கிலி. ஏர்க்காலின் அடியில் இரு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுக. கொக்கி விட்டுப்போனாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் அவற்றின் மேல் தங்கும். குறுகிய தெருத் திருப்பங்களில் இறுகாத நீளமும், தரையில் உராயாத அளவும் வேண்டும்.

மூன்றாவது, பாரம். மாட்டுவண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றுவது நாம் அறிந்ததே. பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கும். டிரெய்லரிலோ வால் ஆடும். கார், ஜீப் ஆகியவற்றின் பின்னே பூட்டும் இருசக்கர டிரெய்லரானால், மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியின்மேல் அமர்தல் நலம். அதாவது 1,000 கிலோவுக்கு 100 முதல் 150 கிலோ. வால் ஆடத் தொடங்கினால் வேகத்தைக் கூட்டாமலும், திடீரென முன்வண்டியின் பிரேக்கை அழுத்தாமலும், மெல்லத் தணிக்க வேண்டும்.

நான்காவது, இறக்கம். தியாகராய நகர் உஸ்மான் சாலை மேம்பாலம் போன்ற இடங்களில் இறங்குகையில், பின்வரும் பாரம் டிராக்டரைத் தள்ளும். இறங்குமுன்பே குறைந்த கியருக்கு வருக. கிளட்சை மிதித்து ஓடவிடற்க. டிராக்டரின் இரு பிரேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்டியிருத்தல் இன்றியமையாதது. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் டிராக்டர் குறுக்கே திரும்பிவிடும்.

நின்றபின், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட்ட பிறகே ஆணியைக் கழற்றுக.

ஒவ்வொரு சங்கமும் வண்டி புறப்படுமுன் இந்நான்கையும் சோதிக்க ஒருவரைப் பொறுப்பாக்குதல் நன்று. சங்கத்தின் சரக்கு மட்டுமன்று, தெருவில் நடப்போர் உயிரும் அந்த ஓர் ஆணியை நம்பியே இருக்கிறது.