சிறுகோளின் மணலும் கணினி மாதிரியும்



சூரியனைச் சுற்றிவரும் சிறிய பாறைப் பொருள்கள் சிறுகோள்கள் எனப்படும். இவை ஒவ்வொன்றும் ஒரே கற்பாறை எனப் பலர் எண்ணுவதுண்டு. ஆனால் பல சிறுகோள்கள் கற்களும் பரல்களும் தூளும் ஈர்ப்பினால் ஒன்றுசேர்ந்த குவியல்களாகும். 2005 இல் யப்பானின் ஹயபுசா விண்கலம் ஆராய்ந்த இற்றோகாவா இதற்கு நல்ல உதாரணமாகும். இத்தகைய குவியலை விண்கலமொன்று தொட்டால் என்ன நடக்கும்? இவ்வினாவிற்குக் கணினி எவ்வாறு விடை தருகிறது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. ஆய்வுகூடப் பரிசோதனை ஏன் போதாது?

பெனு என்னும் சிறுகோளின் விட்டம் ஏறத்தாழ 490 மீற்றர். அதன் மேற்பரப்பில் ஈர்ப்பு ஆர்முடுகல், செக்கன் வர்க்கத்திற்கு ஏறத்தாழ 0.00008 மீற்றர் மட்டுமே.

1 கிலோகிராம் திணிவுடைய கல்லொன்றின் நிறையைக் கணிப்போம்.

நிறை = திணிவு × ஈர்ப்பு ஆர்முடுகல்
புவியில்: 1 × 10 = 10 நியூற்றன்
பெனுவில்: 1 × 0.00008 = 0.00008 நியூற்றன்

அதாவது பெனுவில் கல்லின் நிறை, புவியில் உள்ளதன் ஏறத்தாழ 1,25,000 இல் ஒரு பங்காகும். அங்கு ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விடப்படும் கல் தரையை அடைய இரண்டரை நிமிடமளவில் எடுக்கும். இவ்வளவு குறைந்த ஈர்ப்பைப் புவியில் சில செக்கன்களுக்கு மேல் ஏற்படுத்திக்கொள்வது கடினம். ஆகவே கணினியின் உதவி தேவைப்படுகிறது.

2. கணினி செய்வது யாது?

1979 இல் கண்டல், ஸ்ட்ராக் ஆகிய இருவரும் மண், பரல் போன்றவற்றை ஆராய்வதற்கான கணிப்பு முறையொன்றை வெளியிட்டனர். குவியலை ஒரே பொருளாகக் கொள்ளாது, துணிக்கை துணிக்கையாகக் கணிப்பதே அம்முறை. அதன் படிமுறை வருமாறு:

(அ) ஒவ்வொரு துணிக்கைக்கும் ஆரை, திணிவு, இடம், வேகம் என்பவற்றை வழங்கல்.
(ஆ) ஒன்றையொன்று தொடும் துணிக்கைகளைக் கண்டறிதல்.
(இ) தள்ளுவிசை, உராய்வு விசை, ஒட்டும் விசை, ஈர்ப்பு விசை ஆகியவற்றின் விளையுளைக் காணல்.
(ஈ) விளையுள் விசையைத் திணிவால் வகுத்து ஆர்முடுகலைப் பெறல்.
(உ) மிகச் சிறிய நேரத்தின் பின் துணிக்கையின் புதிய வேகத்தையும் இடத்தையும் கணித்து, மீண்டும் (ஆ) இற்குச் செல்லல்.

இதில் புதிய விதி எதுவுமில்லை. நீங்கள் கற்ற நியூற்றனின் இரண்டாம் விதியே மீண்டும் மீண்டும் பிரயோகிக்கப்படுகிறது.

3. பெனுவில் நடந்தது

2020 ஒக்ரோபர் 20 ஆம் திகதி நாசாவின் ஒசிரிஸ்-ரெக்ஸ் விண்கலம், மாதிரி எடுப்பதற்காகத் தன் கையினால் பெனுவைத் தொட்டது. அப்போது அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் மட்டுமே. எனினும் கை ஏறத்தாழ அரை மீற்றர் ஆழத்திற்கு அமிழ்ந்தது. தரை பெரிதாக எதிர்க்கவில்லை. உந்துபொறிகள் உடனே இயங்கிக் கலத்தை விலக்கின. இல்லாவிடின் அது மேலும் உள்ளே அமிழ்ந்திருக்கும். அவ்விடத்தில் ஏறத்தாழ 8 மீற்றர் அகலமான குழி உண்டாயிற்று.

விஞ்ஞானிகள் துணிக்கைகளின் இயல்புகளை மாற்றி மாற்றிக் கணினியில் இந்நிகழ்வை நடத்திப் பார்த்தனர். மேற்பரப்புத் துணிக்கைகள் மிகத் தளர்வாகவும், ஒன்றோடொன்று ஏறக்குறைய ஒட்டாமலும் இருக்கின்றன என்பது தெளிவாயிற்று. பாறை நிறைந்து உறுதியாகத் தோன்றிய தரை, உண்மையில் உறுதியற்றதாக இருந்தது. சேகரித்த 121.6 கிராம் மாதிரி 2023 செப்ரெம்பரில் புவியை வந்தடைந்தது.

4. இவ்வறிவின் பயன்

புவியை நோக்கிச் சிறுகோளொன்று வருமாயின் அதனைத் திசைதிருப்ப வேண்டும். இதற்கான முதற் பரிசோதனையாக 2022 செப்ரெம்பரில் நாசாவின் டாட் விண்கலம், ஏறத்தாழ 150 மீற்றர் அகலமான டைமோபொஸ் மீது மோதியது. டைமோபொஸ், டிடிமொஸ் என்னும் பெரிய சிறுகோளைச் சுற்றிவர 11 மணி 55 நிமிடம் எடுத்தது. மோதலின் பின் அது ஏறத்தாழ 33 நிமிடத்தால் குறைந்தது. மோதல் மட்டும் இம்மாற்றத்திற்குக் காரணமன்று. வெளியே வீசப்பட்ட கற்களும் தூளும் டைமோபொஸை எதிர்த்திசையில் தள்ளின. இது நியூற்றனின் மூன்றாம் விதியாகும். எவ்வளவு பொருள் வீசப்படும் என்பது குவியலின் தன்மையில் தங்கியுள்ளது. எனவே துணிக்கைகளைத் தவறாகக் கணித்தால் திசைதிருப்பலும் தவறும்.

நினைவிற் கொள்க: கணினி தரும் விடை, நாம் வழங்கும் தரவிற்கு ஏற்றதே. உண்மையான துணிக்கைகள் கோணலானவை. மாதிரிகளில் அவை பெரும்பாலும் கோளங்களாகக் கொள்ளப்படுகின்றன. ஆகவே மாதிரியின் முடிவை உண்மை அவதானத்துடன் ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. 50 கிலோகிராம் திணிவுடைய ஒருவரின் நிறை பெனுவில் யாது? (விடை: 0.004 நியூற்றன்)
2. அவரது திணிவு அங்கு மாறுமா? காரணம் தருக. (நிறையையும் திணிவையும் குழப்பிப் புள்ளியை இழக்காதீர்கள்.)
3. கணினி மாதிரியின் நன்மை ஒன்றையும் குறைபாடு ஒன்றையும் எழுதுக.